ஓர் அடைமொழியும் இரு பொருளும்

வாதத்தில் நிகழும் குற்றங்களை வகுத்துக் கூறும் நியாய நூலார் ‘சலம்’ என ஒன்றை எடுத்தோதுவர். ஒருவன் ஒரு பொருளிற் சொல்லிய சொல்லை, மற்றொருவன் வேறொரு பொருளிற் கொண்டு அவனை மறுப்பது வாக்குச்சலம் எனப்படும். நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாற்சியாயனர் இதற்குக் காட்டும் உதாரணம் பெயர்பெற்றது. ‘இவன் நவகம்பளம் உடையவன்’ என்கின்றான் ஒருவன். புதிய கம்பளம் ஒன்றைப் போர்த்திருக்கின்றான் என்பது அவன் கருத்து. கேட்டவனோ, ‘இவனிடம் இருப்பது ஒரே கம்பளம், மற்றை எட்டும் எங்கே?’ என்று வினவுகின்றான். ‘நவ’ என்னும் அடைமொழிக்குப் புதுமை என்பதும் ஒன்பது என்பதும் பொருள். சொன்னவன் கொண்டது ஒன்று. கேட்டவன் கொண்டது மற்றொன்று.

கம்பளத்தைப் பற்றிய சலம் நகைப்போடு முடிந்துவிடும். ஓர் அடைமொழி மக்களைக் குறித்து வந்து, அதன் ஒரு பொருள் நிற்க வேண்டிய இடத்தில் மற்றொரு பொருள் புகுமாயின், அது நகைப்போடு முடிவதில்லை. அத்தகைய அடைமொழி ஒன்று ஆங்கிலத்திலிருந்து நம் நாட்டுப் பதிவேடுகளுள் நுழைந்து, அங்கிருந்து தமிழுக்கும் வந்து சேர்ந்தது. அதுவே ‘இண்டியன்’ என்பது. அதன் இரு பொருளையும் வேறு பிரித்து, அவை எங்ஙனம் மயங்கின என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியவர் ஒரு மாணவர். பதுளைக்கு முந்திய புகையிரத நிலையமாகிய ஹாலிஎலயை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றிலே, லயத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். ஒரு நாள் விண்ணப்பப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்து எம்முன் வைத்தார். அதில் இனம் என்ற கூட்டில் ‘இந்தியத் தமிழர்’ என்றும், பிரசாவுரிமை என்ற கூட்டில் ‘இலங்கையர்’ என்றும் எழுதியிருந்தார். ‘ஐயா, ஒரு கூட்டில் இந்தியன் என்கிறேன்; அடுத்த கூட்டில் இலங்கையன் என்கிறேன். இவற்றுள் ஒன்று பொய்யாகாதா?’ என்று கேட்டார். அவருடைய தந்தையாரும் பாட்டனாரும் அதே மலைச்சரிவிற் பிறந்தவர்கள். கேள்வி எளியது, விடையோ எளியதன்று.

ஆங்கிலத்தில் ஒரு நாட்டின் பெயரடியாகப் பிறக்கும் அடைமொழிகள் பொதுவாக இரு வகையிற் பொருள் தருவன. ஒன்று, இன்ன நாட்டினின்றும் வந்தது என்பது. இதனை வழிப்பொருள் என்போம். மற்றொன்று, இன்ன நாட்டுக்கு உரியது என்பது. இதனை உரிமைப்பொருள் என்போம். ‘இண்டியன்’ என்பதோ இவ்விரண்டிலும் அடங்காமல் வழிதவறியும் அலைந்த சொல். 1492 ஆம் ஆண்டில் மேற்கு நோக்கிக் கப்பலோட்டிய கொலம்பசு தாம் கண்ட நிலத்தை இந்தியா என்றே எண்ணினார். அதனால் அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடியினர் பல நூற்றாண்டுகள் ‘இண்டியர்’ எனப்பட்டனர். அவர்கள் பயிரிட்ட சோளத்துக்கும் அந்த அடைமொழியே வந்தது. சீனர் கண்ட கரிய மை ஆங்கிலத்தில் ‘இண்டியன் மை’ ஆயிற்று. அடைமொழி ஒட்டியிருக்கின்றது என்பதனாலேயே அது உண்மை கூறுகின்றது என்று கொள்ளலாகாது என்பதற்கு இவை சான்றாம்.

இனி, இவ்வடைமொழி தமிழுக்கு வந்து ‘இந்தியத் தமிழர்’ என்னும் தொகையாயிற்று. தொகைச்சொல் பல பொருள்படும் என்பதை நம் இலக்கணிகள் நன்கறிவர். ‘மரவேலி’ என்ற ஒரு தொகையை மரத்தாலாகிய வேலி என்றும், மரத்துக்கு இட்ட வேலி என்றும், வேறு பலவாறும் நன்னூல் உரைகாரர் விரித்துக் காட்டினர். ‘புலிகொல் யானை’ என்பது புலியைக் கொன்ற யானையா, புலியாற் கொல்லப்பட்ட யானையா என்னும் ஐயத்தைத் தொல்காப்பிய உரைகாரர் எடுத்துக்கொண்டனர். பின்வரும் சொல்லை நோக்கித் தெளிக என்பது அவர்கள் காட்டிய வழி. யானை நடந்தது என வரின் அது கொன்ற யானை. யானை வீழ்ந்து கிடந்தது என வரின் அது கொல்லப்பட்ட யானை.

அந்த முறையிலே ‘இந்தியத் தமிழர்’ என்பதை விரித்துப் பார்ப்போம். இந்தியாவினின்றும் போந்த தமிழர் என்று விரிப்பின், அது ஐந்தாம் வேற்றுமை, பொருள் நீங்கல். இந்தியாவினது தமிழர் என்று விரிப்பின், அது ஆறாம் வேற்றுமை, பொருள் கிழமை. மாணவர் இவ்விரண்டன் வேறுபாட்டையும் ஊன்றி நோக்குக. முதல் விரி, அந்நாட்டை விட்டு நீங்கினார் என்கின்றது. இரண்டாம் விரி, அந்நாட்டுக்கே உரியர் என்கின்றது. உருபு மறைந்து நின்றமையால், நீங்கினார் என்பதும் நீங்காத உரிமையுடையார் என்பதும் ஒரே சொல்லிற் குடிபுகுந்தன. ஒன்றற்கொன்று மாறுபட்ட இரண்டு பொருளை ஒருங்கே சுமக்கும் தொகை இது.

நெடுங்காலம் இம்மயக்கத்தால் இடர் விளைந்திலது. இந்தியாவும் இலங்கையும் ஒரே முடியின் கீழ் இருந்தமையின், உரிமைப்பொருளுக்குத் தனியே ஒரு வேலை இருக்கவில்லை. 1889 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும், 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் தம் தலைப்பிலேயே இவ்வடைமொழியைக் கொண்டிருந்தன. அங்கே அது ஒரு தொழிலாளர் வகுப்பைச் சுட்டியதேயன்றிக் குடியுரிமையைச் சுட்டியதன்று. 1911 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பில்தான் ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்னும் இரண்டும் தனித்தனித் தலைப்புகளாகப் பிரிந்தன.

இப்பிரிவிலேயே ஒரு தருக்கக் குற்றம் உண்டு. ஒரு பொருளை வகுக்கும்போது வகுப்பதற்குரிய அடிப்படை ஒன்றாகவே இருத்தல் வேண்டும். மரங்களை உயரமான மரங்கள், மாமரங்கள் என இரண்டாக வகுப்போன் பிழைபடுவான். உயர்ந்த மாமரத்தை அவன் எங்கே வைப்பான்? ‘இலங்கைத் தமிழர்’ என்பதில் அடைமொழி, அவர்கள் எந்நாட்டுக்கு உரியர் என்று கூறுகின்றது. ‘இந்தியத் தமிழர்’ என்பதிலோ, அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்று கூறுகின்றது. முன்னையதற்கு அடிப்படை உரிமை. பின்னையதற்கு அடிப்படை வழி. ஆயின் இரண்டையும் அருகருகே நிறுத்திய அளவிலே, முன்னையதன் பொருளே பின்னையதற்கும் ஏறிவிடுகின்றது. இவர் இலங்கைக்கு உரியர் என்றால், பக்கத்தில் நிற்கும் அவர் இந்தியாவுக்கு உரியர் என்றே படிப்பவர் கொள்வர். தனித்து நின்றபோது வழிப்பொருளைத் தந்த சொல், இணையாக நின்றபோது உரிமைப்பொருளைத் தந்தது. மயக்கத்துக்கு வித்து இதுவேயாம்.

1947 இல் இந்தியாவும் 1948 இல் இலங்கையும் விடுதலை பெற்றன. உரிமைப்பொருளுக்கு அன்றுதான் உயிர் வந்தது. அதன்பின் நிகழ்ந்தவற்றைச் சட்டங்களின் சொல்வழியே நின்று காண்போம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், பிறப்புரிமையைக் கூறும் பகுதியில் இந்த அடைமொழியை ஆளவே இல்லை. அது முன்னோரின் பிறப்பிடத்தை மட்டுமே வினவிற்று. இலங்கையிற் பிறந்த ஒருவர், தம் தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர் என்றோ காட்டல் வேண்டும். பிறப்புப் பதிவு சீராக நடவாத லயங்களில் வாழ்ந்தோர் பலர்க்கு அதனைக் காட்டும் பத்திரம் இருக்கவில்லை. ஆகவே, அம்மக்கள் உரிமையிழந்ததற்கு ஒரு சொல்லே காரணம் என்று நாம் கூறவில்லை. காரணம் அரசியல். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்விடங்களில் ஒன்றேனும் அதற்கு இல்லை. இடைப்பட்ட காலத்தில் வாக்குரிமை பிரசைகளுக்கே உரியதாயிற்று. சொல் செய்த வேலை வேறு. நிகழ்ந்தது இயல்பானதே என்று பிறர் எண்ணுமாறு அது ஒரு திரையாக நின்றது. ‘இந்தியர்தாமே, இந்தியாவுக்கு உரியர்தாமே’ என்னும் எளிய வாக்கியம் எத்தனையோ மனச்சான்றுகளை உறங்கவைத்தது. அவ்வாக்கியத்தின் முதற்பாதி வழிப்பொருள். இரண்டாம் பாதி உரிமைப்பொருள். ஒன்றிலிருந்து மற்றொன்று போதரும் என்று கொள்வது, ஒரு கம்பளத்தைக் கண்டு எட்டுக் கம்பளங்களைத் தேடுவது போன்றதாம்.

1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம், ‘இந்திய, பாகிஸ்தானிய வதிவோர்’ என்று தலைப்பிலேயே அடைமொழியை ஏற்றது. அதன் பொருள்வரையறை நம் ஆராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. முன்னைய பிரித்தானிய இந்தியாவையோ இந்தியச் சமஸ்தானங்களையோ பூர்வீகமாகக் கொண்டு, அங்கிருந்து குடிபெயர்ந்து, இலங்கையில் நிலையாகக் குடியமர்ந்தவரும் அவர்தம் வழித்தோன்றல்களும் என்பதே அவ்வரையறையின் கருத்து. அச்சட்டத்தின்படி ஒருவர் அவ்வகுப்பினராதற்கு இலங்கையில் நிலையாகக் குடியமர்ந்திருத்தலே ஓர் இலக்கணம்! சொல்லுக்கு வழிப்பொருளே உரியது என்று சட்டம் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது. எனினும் அச்சட்டத்தின் கீழ் விண்ணப்பங்களில் அடங்கிய ஏறத்தாழ 8,25,000 பேருள், பிரசைகளாகப் பதியப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. வரையறை ஒரு பொருளிலும், நடைமுறை மற்றொரு பொருளிலும் சென்றன.

1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் சிறீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், ‘இந்திய வம்சாவளியினர்’ என்று வழிப்பொருளை வெளிப்படக் கூறிற்று. ஆயின், நாடற்றவராயிருந்த 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் அது பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தாற் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். ஊவா மலையிற் பிறந்து, இராமேசுவரத்தை ஒருநாளும் கண்டறியாதவர் அங்குச் சென்றதும் ‘தாயகம் திரும்புதல்’ எனப்பட்டது. ஓரிடத்தை முன்னே விட்டு நீங்கியவர்க்கே ‘திரும்புதல்’ என்னும் வினை பொருந்தும். பாட்டனார் நீங்கினார், பேரன் திரும்பினான் என்பது எவ்விலக்கணத்துள் அடங்கும்?

கடல் கடந்தபின் நிகழ்ந்ததை நோக்கின் இம்மயக்கத்தின் தன்மை முற்றும் விளங்கும். நீலகிரியிலே கூடலூர், கோத்தகிரி முதலிய பகுதிகளில், தமிழக அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களில் அவர்களுட் பலர் குடியேறினர். அங்கே அவர்களுக்கு வழங்கிய பெயர் யாது? ‘சிலோன்காரர்’ என்பதே. இலங்கையில் இருந்தபோது இந்தியர். இந்தியாவில் இருந்தபோது சிலோன்காரர். இருந்த நாட்டின் பெயர் ஓரிடத்தும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. நீங்கிய நாட்டின் பெயரே ஈரிடத்தும் பின்தொடர்ந்தது.

தேயிலையின் கதையோ இதற்கு நேர்மாறானது. 1839 ஆம் ஆண்டில் அஸ்ஸாம் தேயிலை கல்கத்தா வழியாகப் பேராதனைப் பூங்காவை அடைந்தது. 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் அதனை வணிகப் பயிராக்கினார். இந்தியாவினின்றும் வந்த செடி அது. அதனை ‘இந்தியத் தேயிலை’ என்று எவரேனும் அழைத்தனரா? ‘சிலோன் தேயிலை’ என்றே உலகம் கொண்டாடிற்று. ஊவாக் கொழுந்தின் தனிமணத்துக்கு ‘ஊவாத் தேயிலை’ என்று சிறப்புப் பெயரும் கொடுத்தது. 1972 இல் நாடே தன் பெயரை மாற்றிக்கொண்ட பின்னரும் தேயிலை அப்பெயரை இழந்திலது. மண்ணில் வேரூன்றிய செடிக்கு உரிமைப்பொருள் கிடைத்தது. அதே மண்ணில் அதே செடியைப் பேணி, அங்கேயே புதையுண்ட தலைமுறைகளுக்கு வழிப்பொருளே எஞ்சிற்று. ஹாலிஎல மாணவரின் வினாவுக்குள் இருந்த வருத்தம் இதுவே என்று எமக்குத் தோன்றுகின்றது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். ‘பூர்வீகத்தைக் கூறுவது இழிவா? முன்னோர் ஊரையும், அவர்கள் கொண்டுவந்த மாரியம்மன் விழாவையும் காமன்கூத்தையும் மறக்க வேண்டுமா?’ என்று சிலர் வினவுவர். வேண்டுவதில்லை. வழிப்பொருள் குற்றமுடையதன்று, அதனை உரிமைப்பொருளாகக் கொள்வதே குற்றம். இரண்டையும் ஒருங்கே கூறித் தெளிவுபடுத்தலாம் என்பதற்குச் சங்க நூல்களே சான்று தருகின்றன. அகநானூறு, குறுந்தொகை, நற்றிணை ஆகியவற்றிற் பாடல் கொண்ட புலவர் ஒருவரை ‘ஈழத்துப் பூதன்தேவனார்’ என்றும், ‘மதுரை ஈழத்துப் பூதன்தேவனார்’ என்றும் அந்நூல்களின் குறிப்புகள் கூறும். ஈழம் என்பதும் மதுரை என்பதும் ஒரே பெயரின்முன் அமைதியாக நிற்கின்றன. ஈழத்தவர் என்று சொல்லி அவரை மதுரையினின்றும் விலக்கினாரும் இலர். மதுரையார் என்று சொல்லி ஈழத்தை மறைத்தாரும் இலர். கடலின் இரு கரையையும் ஒரு பெயரில் அடக்கும் பண்பு நமக்குப் புதியதன்று.

மலேசிய நாட்டு வழக்கும் நோக்கத்தக்கது. அங்குள்ளோர் தம்மை ‘மலேசிய இந்தியர்’ என்பர். அங்கே ‘இந்தியர்’ என்பது அடைகொளியாகப் பின்னே நின்று வழியைக் காட்ட, ‘மலேசிய’ என்பது அடைமொழியாக முன்னே நின்று உரிமையைக் காட்டுகின்றது. உரிமையின் இடத்தில் உரிமைச்சொல்லே நிற்றலின் மயக்கத்துக்கு இடம் சுருங்குகின்றது. நம் நாட்டுத் தொகையிலோ, உரிமைச்சொல் நிற்க வேண்டிய இடத்தில் வழிச்சொல் வந்து அமர்ந்துகொண்டது.

பிழையைத் திருத்தும் முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. இலங்கை இந்தியர் காங்கிரஸின் தொழிற்சங்கம் 1950 இல் ‘இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்’ ஆகித் தன் பெயரினின்றும் அவ்வடைமொழியை நீக்கிக்கொண்டது. பின்னர், மலைநாட்டுக் கல்வியாளரும் எழுத்தாளரும் இளைஞரும் ‘மலையகத் தமிழர்’ என்னும் பெயரை வளர்த்தெடுத்தனர். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழும் இந்திய வம்சாவளியினர்க்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் இலங்கைப் பிரசாவுரிமை வழங்கிற்று. வழி இந்தியம், உரிமை இலங்கை என்று இரு பொருளையும் இரண்டு இடத்தில் வைத்து அச்சட்டம் பேசியமை சொல்லாராய்ச்சி நோக்கிலும் சிறப்புடையது. முதல் வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, 2023 ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றபோது, அவர்கள் முன்வைத்த பெயர் ‘மலையக மக்கள்’ என்பதே. 2024 ஆம் ஆண்டுத் தொகைமதிப்பிலும் பழைய பெயரின் பக்கத்தில் ‘மலையகத் தமிழர்’ என்பது இடம்பெற்றது.

எனினும் பழைய அடைமொழியின் விளைவு முற்றும் அகன்றுவிடவில்லை. 1946 ஆம் ஆண்டில் நாட்டு மக்களுள் நூற்றுக்கு 11.7 பேர் ‘இந்தியத் தமிழர்’ எனப் பதியப்பட்டனர். 2012 ஆம் ஆண்டில் அத்தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 4 ஆயிற்று. கடல் கடந்து போனோர் போக, நாட்டிலேயே இருந்துகொண்டு தம்மை ‘இலங்கைத் தமிழர்’ எனப் பதிந்தோரும் பலராவர். அவர்களைக் குறைகூறல் தகாது. ஒரு சொல்லுக்கு அஞ்சித் தம் வரலாற்றையே மறைத்துக்கொள்ளும் நிலைக்கு மக்களை அச்சொல் தள்ளியதாயின், குறை சொல்லின்மேலதும் அதனை ஆண்டோர்மேலதுமாம்.

‘மலையகத் தமிழர்’ என்னும் தொகையை இலக்கணமுறையில் விரித்துப் பார்ப்பின் அதன் தகுதி விளங்கும். மலையகத்தின்கண் வாழும் தமிழர் என ஏழாம் வேற்றுமையாகவும், மலையகத்தினது தமிழர் என ஆறாம் வேற்றுமையாகவும் அது விரியும். எவ்வாறு விரிப்பினும், அவர்கள் நின்று வாழும் மண்ணைவிட்டு அது நம்மை வெளியே கொண்டுபோகாது. கொழும்பிலும் வன்னியிலும் குடியேறிய மலையகத்தார்க்கு அப்பெயர் எங்ஙனம் பொருந்தும் என்று வினவலாம். அவர்க்கு அது வழிப்பொருளிற் பொருந்தும்; அவ்வழியும் இந்நாட்டினுள்ளதே.

மாணவர்க்கு நாம் இறுதியாகக் கூறுவது இதுவே. ஆங்கிலத்திலோ தமிழிலோ ஓர் இனத்தின் முன் ஓர் அடைமொழியை எழுதுமுன், மறைந்துநிற்கும் உருபை விரித்துப் பாருங்கள். அது ‘இருந்து’ என்கின்றதா, ‘உடைய’ என்கின்றதா என்று வினவுங்கள். இரண்டு பெயர்களை இணையாக எழுதும்போது இரண்டிலும் ஒரே அடிப்படை இருக்கின்றதா என்று நோக்குங்கள். அம்மக்கள் தம்மை எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதையும் கேட்டறியுங்கள்.

ஹாலிஎல மாணவர்க்கு அன்று நாம் கூறிய விடையும் அதுவே. ‘தம்பி, இரண்டு கூட்டிலும் பொய் இல்லை. முதற்கூடு உம் பூட்டனார் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லுகின்றது. இரண்டாவது கூடு நீர் எந்நாட்டவர் என்பதைச் சொல்லுகின்றது. முதற்கூட்டைக் காட்டி இரண்டாவது கூட்டை எவரேனும் மறுப்பாராயின், அவரிடம் நவகம்பளத்தின் கதையைச் சொல்லும்.’ அவர் சிறிது சிந்தித்து, எழுதுகோலை எடுத்து, முதற்கூட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு ‘மலையகத் தமிழர்’ என்று எழுதினார். நாம் அவ்வாறு எழுதுமாறு கூறவில்லை. தம் பெயரைத் தாமே எழுதும் உரிமை அவருடையது.